ஆளில்லாத புத்தகத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

அமெரிக்க நாட்டுப் பொம்மைக் கம்பெனியாம் ஹாஸ்ப்ரோவின் பிராண்டு நிர்வாகப் பெருந்தகைகளே! 1999-ல் தாங்கள் விலைகொடுத்துத் தத்தெடுத்த விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டின் மொழிநடைக் காவலர்களே! சட்டப்பிரிவுச் சான்றோரே! பொன்னாடை போர்த்தி, ரோஜா மாலை சூட்டி, கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரத்தை மேடையில் உரக்க வாசித்து வழங்குவது எங்கள் ஊர் வழக்கம். வாங்குகிறவருக்கே கூச்சம் வரும் அளவுக்கு அதில் புகழ் இருக்க வேண்டும். தங்களுக்குக் கூச்சம் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இருந்தாலும் வழக்கத்தை மீறாமல் வாசிக்கிறேன்.

தாங்கள் செய்திருப்பது சின்னச் சாதனை அல்ல. ரோல்பிளேயிங் கேம் என்று ஒருவகை ஆட்டம் உண்டு. பலகை வேண்டாம், ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் பூண்டு வாயாலேயே ஆடுவார்கள். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் பையன்கள் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து பலமுகப் பகடையை உருட்டிக் கத்துவார்களே, அதேதான். இந்த ஆட்டத்தில் உண்மையில் விற்பனைக்கு இருப்பது விதிநூல் மட்டும்தான். முன்பின் பார்த்திராத ஒருவர் நம்மிடம், இப்படிக் கதை கட்டு, இந்த இடத்தில் பயமுறுத்து, இங்கே கொஞ்சம் விட்டுக்கொடு என்று சொல்லித்தருகிற நூல். அந்த நூலில் இருந்த ஆளை மட்டும் பிசிறில்லாமல் உருவி எடுத்துவிட்டு, மிச்சத்தை வழவழப்பான தாளில் அச்சடித்து விற்கிறீர்கள். அதற்குத்தான் இந்தப் பொன்னாடை.

தங்களுக்கு முன் நிலவிய காட்டுமிராண்டிக் காலத்தை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்கிற சிற்றூர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கேரி கைகாக்ஸ் என்று ஒருவர். காப்பீட்டுக் கம்பெனியில் இருந்த வேலையும் போய், வீட்டு நிலவறையில் செருப்பு தைத்துப் பிழைத்தார். அவரும் டேவ் ஆர்னெசன் என்பவரும் சேர்ந்து, 1974-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று ஒரு பெட்டியில் மூன்று சின்னப் புத்தகங்களைப் போட்டு வெளியிட்டார்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதி, விலை 10 டாலர். சந்தை ஆய்வும் இல்லை, நடைக் கையேடும் இல்லை. என்ன தைரியம் பாருங்கள்.

அதோடு விட்டாரா? 1979-ல் ‘டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு’ என்று ஒன்று எழுதி, அட்டையிலேயே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். சண்டையில் யார் முதலில் அடிப்பது என்கிற அற்ப விஷயத்தை அந்த நூலில் பல இடங்களில் பிய்த்துப் போட்டிருப்பார். அதையெல்லாம் சேர்த்துவைத்துப் புரிந்துகொண்டேன் என்று இன்றைக்கும் யாராவது சத்தியம் செய்தால் நம்பக்கூடாது. வெறுங்கையால் மல்லுக்கட்டுவதற்கு அவர் வகுத்த கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் மல்லர்கள் இருவரும் சமாதானமாகி வீட்டுக்குப் போய்விடலாம். ஆட்டக்காரர்களுக்கான நூல் 1978-லேயே வந்துவிட்டது. ஓங்கிய கத்தி எதிரி மேல் பட்டதா இல்லையா என்று பார்க்கிற அட்டவணையோ அடுத்த வருஷம் வந்த இந்த நூலில்தான் இருந்தது.

மாதத்துக்கு எத்தனை சதவீதம் நோய் பிடிக்கும், பைத்தியத்தில் எத்தனை வகை, எந்த ரத்தினத்துக்கு என்ன சக்தி, எத்தனை விதமாக ஒரு நாட்டை ஆளலாம் என்று மனிதர் கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே கொட்டியிருந்தார். நகரத்துத் தெருவில் எதிர்ப்படும் விலைமாதரையும் தரகரையும் பகடை உருட்டி ஒரு டஜன் வகையாகப் பிரிக்க ஓர் அட்டவணை வேறு. நேரக்கணக்கு எழுதிவைக்காதவன் ஆட்டமே நடத்தவில்லை என்கிற கருத்தில் ஒரு வாக்கியம் முழுவதையும் பெரிய எழுத்தில் போட்டு அலறியிருந்தார். அகராதியில் தூசி படிந்து கிடந்த சொற்களாகத் தேடித் தேடி எடுத்துப் பதினான்கு வயதுப் பையன்களின் தலையில் இறக்கினார். அவர்கள் அகராதியைத் தேடி ஓடினார்கள். கடைசியில் ‘பிற்சேர்க்கை என்’ என்று ஒரு பட்டியல். ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ், லவ்கிராஃப்ட் என்று தான் யாரையெல்லாம் படித்து இப்படி ஆனேன் என்பதற்கு ஒரு வாக்குமூலம். விதிநூலில் வாக்குமூலம்! அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைகளை மேய்ந்த ஒரு தலைமுறையே உண்டு. தங்கள் கணக்கில் இதெல்லாம் பக்க விரயம்.

எங்கள் பவணந்தி முனிவர் நன்னூலில், ஒரு நூலில் இருக்கக்கூடாத குற்றம் பத்து என்று எழுதிவைத்திருக்கிறார். அதுவும் விதிநூல்தான், இலக்கணத்துக்கு. அந்தப் பத்தையும் வைத்துக்கொண்டு கைகாக்ஸைக் கூண்டில் ஏற்றினால், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் என்று நாலு குற்றம் சாட்சியே இல்லாமல் நிரூபணமாகும். தங்கள் நூல்களையும் அதே கூண்டில் ஏற்றினேன். இந்த நாலில் ஒன்றுகூட இல்லை. வெற்றெனத் தொடுத்தல், நின்று பயனின்மை, இரண்டே இரண்டு. முதல் நாலும் உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதால் வருகிறவை. பின்னிரண்டும் நாற்காலி காலியாக இருப்பதால் வருகிறவை. ஒரு நூலின் முகப்பில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியலிடும்போது அதே பவணந்தி முதலாவதாக வைத்தது ஆக்கியோன் பெயரை. தங்களிடம் வேலை பார்த்திருந்தால் பாயிரத்தையும் அவரையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

தெளிவுக்காகத்தான் செய்தோம் என்பீர்கள். எந்தக் கூட்டத்தில் யார் கேட்டாலும் எடுத்து நீட்டுகிற பதில் அது. விதி என்றால் துல்லியமாக, நடுநிலையாக இருக்க வேண்டும். எழுதுகிறவனின் சொந்த நக்கல், சொந்தக் கோபம், சொந்த ரசனை அங்கே எதற்கு? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1981-ல் டாம் மோல்ட்வே என்பவர் இதே ஆட்டத்துக்கு ஒரு தொடக்க நூல் எழுதினார். 64 பக்கம். பத்து வயதுப் பிள்ளை தானே படித்துக் கற்றுக்கொள்ளலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது, பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். அதன் முன்னுரை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? டிராகனோடு தான் மல்லாடிக்கொண்டிருக்கும் கதையோடு. கீழே அவர் பெயர், எழுதிய தேதி. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த 64 பக்கத்தின் தெளிவைச் சிலாகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1983-ல் ஃபிராங்க் மென்ட்ஸர் எழுதிய சிவப்புப் பெட்டி இன்னும் ஒரு படி மேலே போனது. நண்பன் இல்லாத பையனையும் தனியாக உட்காரவைத்து, நீ என்று அழைத்துப் பேசியது. குகைக்குள் அலீனா என்கிற பெண்ணை அறிமுகப்படுத்தி, அவள் கையால் அவன் காயத்தை ஆற்றி, அவளிடமே விதிகளைக் கற்கவைத்து, பிறகு பார்கிள் என்கிற மந்திரவாதியின் கையால் அவளைக் கொன்றது. நாற்பது வருஷமாகியும் அந்தப் பார்கிளின் பெயரைச் சொன்னால் பல்லைக் கடிக்கிற தாத்தாக்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். உயிர்ப்புள்ளிகள், தாக்குதல் உருட்டல், காப்பு எண் எல்லாம் அந்தச் சாவுக்குள்ளேயே அவர்களுக்குப் பாடமாகிவிட்டன. குரல் இருந்தால் தெளிவு போய்விடும் என்பது தங்களுக்கு யார் சொன்ன ஜோசியம்?

தங்கள் குழுவுக்கு இன்னொன்றும் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை. இந்த ஆட்டத்தில் மேசைக்கு உண்மையில் தேவைப்படுவதை விதியாக எழுதவே முடியாது. எப்போது சிரிக்கலாம், எவ்வளவு கொடூரம் தாங்கும், நடத்துகிறவர் ஆட்டக்காரனை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எழுதியவர் பேசுகிற தொனியிலிருந்து படிக்கிறவருக்குத் தொற்றிக்கொள்வது. 1984-ல் கிரெக் கோஸ்டிக்யான், டேன் கெல்பர், எரிக் கோல்ட்பெர்க் மூவரும் ‘பாரனாயா’ என்று ஓர் ஆட்டம் எழுதினார்கள். மூடிய நகரம் ஒன்றைப் பைத்தியம் பிடித்த கம்ப்யூட்டர் ஆள்கிறது. ஆட்டக்காரனுக்கு விதி தெரிந்திருப்பதே அங்கே ராஜத்துரோகம். தெரியும் என்று காட்டிக்கொண்டால் அவன் பாத்திரத்தைச் சுட்டுவிடலாம். பரவாயில்லை, பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஆறு நகல் உண்டு, அடுத்த நகல் சிரித்த முகத்தோடு வேலைக்கு வந்துவிடும். நூலைப் படிக்கும்போதே அது உங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதுபோல் இருக்கும். நூல் பேசுகிற விதத்தில் நடத்துகிறவர் பேச ஆரம்பித்துவிட்டால் போதும், ஆட்டம் பாதி நடந்த மாதிரி. அதையே தங்கள் நடைக் கையேட்டின்படி எழுதினால் ‘ஆட்டக்காரர்கள் விதி அறிவை வெளிப்படுத்துவதைத் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி வந்திருக்கும். ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

(ஆறு நகல் என்கிற விஷயத்தை மட்டும் தங்கள் மனிதவளப் பிரிவு வரிபிசகாமல் உள்வாங்கிக்கொண்டதோ என்று எனக்கு ஓர் ஐயம். அதைப் பிறகு பார்ப்போம்.)

1998-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாலிஸ் ‘பாரன் முன்சௌசனின் அசாதாரண சாகசங்கள்’ என்று ஒரு மெல்லிய நூல் போட்டார். உலகப் புளுகர் முன்சௌசன் பிரபுவே எழுதிக்கொடுத்த விதிநூல், தான் வெறும் பதிப்பாளன் என்பது அவருடைய பாவனை. பிரபு நாலு வரி விதி சொல்வார், உடனே தடம் மாறிப் பீரங்கிக் குண்டு, அந்நிய நாட்டார் மீது வசை, தன் வீரம் என்று எங்கேயோ போய்விடுவார். விதியை மட்டும் உருவினால் ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஆட்டமே ஆளுக்கு ஆள் நாக்கூசாமல் புளுகுவதுதான். படித்து முடிக்கும்போது நமக்கும் புளுகு வருகிறது. அதற்கு மேல் ஒரு விதிநூல் என்ன செய்ய வேண்டும்?

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்து நூலகர் கென் செயின்ட் ஆண்ட்ரேக்குக் கைகாக்ஸ் எழுதியது விளங்கவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன் என்று 1975-ல் ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ எழுதினார். எதிரியைத் தாக்குகிற மந்திரம் ஒன்றுக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘இந்தா வாங்கிக்கோடா, பாவி!’ என்று வரும். இப்படியா ஒரு மந்திரத்துக்குப் பெயர் வைப்பது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் அசைந்து கொடுக்கவில்லை. 2010-ல் வின்சென்ட் பேக்கர் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ எழுதினார். கெட்ட வார்த்தை தாராளம், வாக்கியம் சாட்டை. கதை நடத்துகிறவர் எப்போது என்ன பேச வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று தோளில் கைபோட்டுச் சொல்கிற நூல். அதைப் பார்த்து ஒரு பெரிய ஆட்டக் குடும்பமே கிளைத்தது. பின்னால் வந்தவர்களில் பாதிப்பேர் அவரிடமிருந்து கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது தனிச் சோகம்.

தங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கைகாக்ஸைத் தெய்வமாக்கிச் சூடம் கொளுத்துவது என் வேலை இல்லை. ஆர்னெசனின் பங்கை முதலில் ஓரங்கட்டிய பெருமை அவரையும் அவர் கம்பெனியையும்தான் சேரும். இது வேறு ஆட்டம் என்று சொல்லி ‘அட்வான்ஸ்டு’ என்ற சொல்லை முன்னால் ஒட்டிப் பங்குத்தொகையை நிறுத்தினார்கள். ஆர்னெசன் 1979-ல் வழக்குப் போட்டு, 1981-ல் சமரசமானது. 1978 நூலில் பெண் பாத்திரங்களின் பலத்துக்கு ஆணைவிடக் குறைவாக உச்சவரம்பு வைத்த புண்ணியவானும் கைகாக்ஸ்தான். ஆனால் பாருங்கள், அந்த அட்டவணையைக் காட்டி ‘யோவ் கைகாக்ஸ், என்னய்யா இது?’ என்று கேட்க ஒரு சட்டை இருந்தது, பிடிக்க அதற்கொரு காலர் இருந்தது. கடைசிவரை ஆட்கள் பிடித்தார்கள், அவரும் கடைசிவரை பதிலுக்குப் பதில் பேசினார்.

‘ஸ்பெல்ஜாமர்’ என்கிற தங்கள் நூலில் 2022-ல் ஒரு குரங்கு இனத்தைப் பற்றி எழுதினீர்கள். பிடித்து அடிமைகளாக விற்கவிருந்த குரங்குகளுக்கு அறிவூட்டியதாக ஒரு பூர்வகதை. கறுப்பின மக்களைப் பற்றிய பழைய இழிவுகள் அப்படியே எதிரொலிக்கின்றன என்று வாசகர்கள் கொதித்தார்கள். ‘நாங்கள்’ வருந்துகிறோம், ‘நாங்கள்’ நீக்குகிறோம் என்று அறிக்கை வந்தது. அந்தப் பத்தியை எழுதியது யார்? நாங்கள். படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தது யார்? நாங்கள். இத்தனை பெரிய நாங்களுக்குள் காலருள்ள சட்டை ஒன்றுகூட இல்லை.

குரல் என்றாலே நல்ல குரல் என்று நான் சொல்லவும் மாட்டேன். மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.ஏ.ஆர். பார்க்கர், கிளமத் பழங்குடியினரின் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதியவர், உருது பாடநூல் எழுதியவர். 1975-ல் ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ என்ற ஆட்டநூலில் மொழி, கடவுள், குலமுறை உள்பட ஓர் உலகையே படைத்தார். ஐரோப்பியக் கோட்டையும் குதிரைவீரனும் இல்லாத உலகம் என்று எல்லோரும் வியந்தோம். 1991-ல் வேறொரு பெயரில் வெளிவந்த நாஜி நாவல் ஒன்றை எழுதியதும் அவரே என்று, அவர் படைப்புகளைப் பேணும் அறக்கட்டளையே 2022-ல் ஒப்புக்கொண்டது. சொந்தப் பெயரில் மொழியறிஞர், பெயரை மறைத்ததும் நாஜி. பெயரில்லாமல் எழுதுவது நடுநிலைக்குத்தான் உதவும் என்கிறவர்கள் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

1985-ல் பங்குகள் கைமாறி, கைகாக்ஸ் தொடங்கிய டி.எஸ்.ஆர். கம்பெனி அவர் கையைவிட்டே போனது. 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. இந்த ஆட்டம் பிள்ளைகளைச் சாத்தானுக்கு விற்கிறது என்று தேவாலய வட்டாரங்களில் கிளம்பிய கூச்சலுக்குப் பயந்து பேய், பிசாசு, கூலிக்கொலைஞன் எல்லாருக்கும் சீட்டுக் கிழித்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பேய்கள் வேறு பெயரில் திரும்பி வந்தன. பெயர்மாற்றத்தாலேயே பேயோட்டிய முதல் கம்பெனி அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பதிப்பிலும்கூட அதை வடிவமைத்த டேவிட் குக் தன் பெயரில் ஒரு முன்னுரை எழுதினார், அது மனிதர் எழுதியதுபோல் இருந்தது. பிறகு ஆட்டம் 1997-ல் விசார்ட்ஸ் கைக்கும், 1999-ல் தங்கள் கைக்கும் வந்தது. 2008 மார்ச்சில் கைகாக்ஸ் இறந்தார். அதே ஜூனில் நான்காம் பதிப்பு. ஒவ்வொரு வீரனின் ஒவ்வொரு திறமையும் வண்ணப் பட்டை போட்ட பெட்டிக்குள் அடக்கம். இலக்கு, தூரம், விளைவு. மேசையில் யார் பேசினாலும் ஒரே மாதிரி இருக்கும். தங்கள் கனவு முதன்முதலில் முழுசாக நனவானது அந்த நூலில்தான்.

வாசகன் என்றைக்கும் நன்றி கெட்டவன். வறட்சியாக இருக்கிறது என்றான். அதற்குத் தாங்கள் கண்ட மருந்துதான் இந்த விழாவின் சிகரம். 2016-லிருந்து புத்தக அட்டைகளில் ஆசிரியர் பெயர் வரத் தொடங்கியது: வோலோ, சனத்தார், மோர்டன்கைனன், டாஷா, ஃபிஸ்பன், பிக்பி. இவர்களில் ஒருவருக்கும் உயிர் கிடையாது. சனத்தார் என்பது காற்றில் மிதக்கிற, தலையெல்லாம் கண்ணான ஒரு பூதம். தங்கமீன் வளர்க்கிறது. 2017 நூலின் ஓரக்குறிப்புகள் அதன் கைவண்ணம் என்கிறீர்கள். அதற்குக் கை கிடையாது. உள்ளே உட்கார்ந்து எழுதிய ஆண்களும் பெண்களும் ஒரு பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறார்கள். வாலிஸும் கற்பனை ஆளைத்தானே முன்னால் நிறுத்தினார் என்று சட்டப்பிரிவு எழுந்திருக்கும். நிறுத்தினார். ஆனால் முன்சௌசன் பிரபுவின் முகமூடியைக் கழற்றினால் அடியில் வாலிஸின் முகம் இருக்கும். சனத்தாரின் முகமூடியைக் கழற்றிப் பாருங்கள், அடியில் வர்த்தகமுத்திரைப் பதிவுச் சான்றிதழ் இருக்கும்.

அந்தப் பட்டியலில் மோர்டன்கைனன் யார்? கைகாக்ஸ் தன் வீட்டு மேசையில் தானே ஏற்று ஆடிய மந்திரவாதி. பிக்பியும் அவர் ஆடிய பாத்திரம்தான். எழுதியவரின் குரலைத் துடைத்துவிட்டு, அவர் வேடிக்கையாகப் பேசிப் பார்த்த பொம்மையை ஆசிரியர் என்று அட்டையில் நிறுத்தியிருக்கிறீர்கள். 2023-ல் வந்த அந்தப் பிக்பி நூலில்தான் ஓவியர் ஒருவர் ஏ.ஐ. துணையோடு சில படங்களை முடித்திருந்தார் என்று வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். எங்களுக்கே தெரியாது என்றீர்கள், இனி கூடாது என்று விதி போட்டீர்கள். 2024 ஜனவரியில் தங்கள் இன்னொரு ஆட்டமான ‘மேஜிக்’ சீட்டுகளின் விளம்பரப் படத்தில் மறுபடி அதே புகார். இல்லவே இல்லை என்று முதலில் சாதித்தீர்கள், சில நாளில் ஆமாம் கலந்துவிட்டது என்றீர்கள்.

போதும் இந்தத் தாங்கள், பெருந்தகை எல்லாம். நேராகவே கேட்கிறேன்.

2022 டிசம்பரில் முதலீட்டாளர் கூட்டத்தில் உங்கள் அப்போதைய விசார்ட்ஸ் தலைவர் என்ன சொன்னார்? இந்தப் பிராண்டிலிருந்து இன்னும் போதுமான பணம் கறக்கப்படவில்லை என்று. கதை நடத்துகிறவர்கள் ஆட்டக்காரர்களில் 20 சதவீதம்தான், புத்தகம் வாங்குவதில் பெரும்பங்கு அவர்களுடையது, மிச்சம் 80 சதவீதத்தின் மடியைத் தடவ வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அடுத்த மாதமே உங்கள் புதிய உரிமவரைவு கசிந்தது. உங்கள் விதிகளை அடியொற்றி வெளியார் எழுதும் நூல்களில் ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் உங்களுக்கு. போதாததற்கு, அவர்கள் எழுதியதை என்றென்றைக்கும் நீங்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு சரத்து. சொந்த வீட்டில் ஒருவனுக்கும் குரல் இருக்கக்கூடாது. அடுத்த வீட்டுக்காரன் குரல் மட்டும் காலத்துக்கும் இலவசமாக வேண்டும்! வாசகர்கள் கொத்துக்கொத்தாக உங்கள் இணையதளச் சந்தாவை ரத்து செய்த பிறகுதான் ஜனவரி 27-ல் பின்வாங்கினீர்கள். அதற்கும் நன்றி சொன்னவர்கள் உண்டு.

2023 டிசம்பர் 7. உங்கள் ஆட்டத்தின் உரிமத்தை வாங்கி பெல்ஜியத்து லாரியன் நிறுவனம் உருவாக்கிய ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற வீடியோ கேம் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது. எல்லோரும் எதைக் கொண்டாடினார்கள்? அதன் எழுத்தை, பாத்திரங்களின் பேச்சை, நக்கலடித்துக்கொண்டே கூடவரும் கதைசொல்லியின் குரலை. நாலு நாள் கழித்து, டிசம்பர் 11. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம். ஹாஸ்ப்ரோவில் 1,100 பேருக்கு வேலை இல்லை என்று அறிவித்தீர்கள். அதில் இந்த ஆட்டத்தை எழுதியவர்களும் இருந்தார்கள். ஆரம்பத்தில் தன்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேசியவர்களில் இப்போது அநேகமாக ஒருவரும் அங்கே இல்லை என்று லாரியன் தலைவர் ஸ்வென் விங்கே வருத்தத்தோடு எழுதினார்.

இப்போது சொல்லுங்கள், எதற்காகத் துடைத்தீர்கள் குரலை? தெளிவுக்கா? மோல்ட்வேயை வெளியே அனுப்பினால் மோல்ட்வே எழுதியதுபோல் எழுத ஆள் கிடைக்காது. வாசகன் கண்டுபிடிப்பான், எங்கே அந்த ஆள் என்று கேட்பான். அதுதான் உங்கள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. யார் எழுதினாலும் ஒன்றுபோல இருக்கிற பத்தியை இன்றைக்கு எழுதுகிறவனை நாளைக்கு அனுப்பிவிடலாம், நாளை மறுநாள் இன்னொருவன் அதே பத்தியைத் தொடரலாம், ஒரு பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. பாரனாயாவில் நகைச்சுவையாக எழுதிய ஆறு நகலை நீங்கள் ஆள்சேர்ப்புக் கொள்கையாக்கிவிட்டீர்கள். ஏழாவது நகலுக்குச் சம்பளமே வேண்டாம். உங்கள் தலைமை நிர்வாகி கிறிஸ் காக்ஸ் 2024-ல் முதலீட்டாளர்களிடம் பூரித்தாரே, தன்னோடு ஆடுகிற முப்பது நாற்பது பேரில் ஏ.ஐ.யை ஏதாவது ஒரு வகையில் பயன்படுத்தாதவர் ஒருவர்கூட இல்லை என்று. நடுநிலைத் தமிழில் வேண்டாம், நடுநிலை ஆங்கிலத்தில் ஓர் எந்திரத்திடம் கேளுங்கள், உங்கள் நடைக் கையேட்டுக்குச் சுத்தமாக ஒத்துப்போகிற விதிநூலை நிமிஷத்தில் தரும். கால் நூற்றாண்டாக நீங்கள் மனிதர்களைப் பழக்கியது அதற்குத்தானே? முன்சௌசன் பிரபுவை அதனிடம் கேட்டால் வாலிஸைப் பார்த்துக் காப்பியடிக்கும். காப்பியடிக்கவும் முதலில் ஒரு வாலிஸ் வேண்டியிருக்கிறது.

வேறு வழி தெரியாமல் தனி ஆட்கள் இன்றைக்கும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்வீடனிலிருந்து வந்த ‘மார்க் போர்க்’ மஞ்சளும் கறுப்புமாகப் பக்கத்துக்குப் பக்கம் ஊளையிடுகிறது, விற்கவும் விற்கிறது. ஆனால் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கடையில் முதலில் எடுப்பது உங்கள் புத்தகத்தைத்தான். உலகத்திலேயே பெரிய கதைசொல்லும் ஆட்டத்தின் வாசலில் அந்தப் பிள்ளையை வரவேற்க ஓர் ஆள் நிற்பதில்லை, அறிவிப்புப் பலகை நிற்கிறது. என் கோபம் அந்த இடத்தில்தான்.

பத்திரத்தில் கடைசியாகச் சேர்க்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய மந்திரங்கள் சிலவற்றுக்குக் கைகாக்ஸின் கூட்டாளிகள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டென்சர் என்பது அவர் மகன் எர்னஸ்டின் பெயரை எழுத்து மாற்றிப் போட்டது. டிராமிஜ் என்பது ஜிம் வார்டின் பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து எழுதியது. வார்டு அந்த மேசையில் ஆடியவர், 1976-ல் ‘மெட்டமார்ஃபசிஸ் ஆல்ஃபா’ எழுதியவர், 2024-ல் காலமானார். ஊருக்கு இலவசமாகக் கொடுத்தோம் என்று நீங்கள் மார்தட்டுகிற விதித்தொகுப்பில் டென்சரும் இல்லை, டிராமிஜும் இல்லை, பிக்பியும் இல்லை. பெயரை அறுத்துவிட்டு ‘மிதக்கும் தட்டு’, ‘உடனடி வரவழைப்பு’ என்று வெறும் மந்திரத்தை மட்டும் விட்டிருக்கிறீர்கள். பெயர்கள் கம்பெனிச் சொத்து, அவற்றை விலைபோட்ட புத்தகத்தில்தான் பார்க்கலாம். ஆகவே அடுத்த அட்டைக்கு இன்னும் டிராமிஜ் மிச்சமிருக்கிறார். ‘டிராமிஜ் வழங்கும்’ என்று போட்டு ஏதாவது ஒன்றை விடுங்கள். மந்திரவாதிக்குச் சம்பளம் கிடையாது, காப்பீடு கிடையாது, டிசம்பர் மாதம் கூப்பிட்டு வெளியே அனுப்புகிற சிரமமும் உங்களுக்கு இல்லை.